கீழே குனிந்தால் தெரியும் செடிகள்: வாசகர் கேள்வி – பதில்

நாட்டுத் தாவரங்களைப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று கேட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியை நான். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ச் செடிகளைக் காட்டினால் பத்தே நிமிடத்தில் கவனம் சிதறிவிடுகிறது. மொத்தம் நாற்பது பேர். என்ன செய்யலாம்?
– ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

நாற்பது பேரை ஒரே கூட்டமாக நடத்தாதீர்கள். பதினைந்து பேரைத் தாண்டினால் பின்னால் நிற்கும் பிள்ளைக்குச் செடி தெரியாது, முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். மூன்று குழுவாகப் பிரித்து மூன்று நாள் போங்கள். காலை ஏழு மணியிலிருந்து எட்டேகால் வரை போதும். தூரமும் அதிகம் வேண்டாம், பள்ளிச் சுவரை ஒட்டி 200 மீட்டர் போதுமானது. அதற்கு முந்தின நாள் நீங்கள் மட்டும் அந்த வழியில் ஒருமுறை நடந்து எட்டுச் செடிகளைத் தேர்ந்து, எங்கெங்கே நிற்பது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பது பெயரைச் சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது. எட்டுச் செடியைத் தொட்டு, முகர்ந்து, பிரித்துப் பார்த்தால் எட்டுமே நிற்கும்.

பிள்ளைகளின் கவனம் கலைவதற்குப் பெரும்பாலும் காரணம், நாம் பெயரிலிருந்து தொடங்குவதுதான். பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். குப்பைமேனி முன்னால் உட்காரவைத்து, செடியின் நேர் மேலே இருந்து கீழே பார்க்கச் சொல்லுங்கள். ஓர் இலைகூட இன்னோர் இலையை மறைக்காது. கீழ் இலைகளுக்குக் காம்பு நீளம், மேலே போகப் போகக் குட்டை. அதனால் எல்லா இலைக்கும் வெயில் கிடைக்கிறது. 'எந்த இலைக்குக் காம்பு நீளம்?' என்று கேட்டு ஸ்கேலால் அளக்க விட்டாலே ஐந்து நிமிடம் போய்விடும்.

பழைய துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிப் புதர் ஓரமாகப் பத்தடி இழுத்து வாருங்கள். நாயுருவி, மூக்கிரட்டை, ஒட்டுப்புல் எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். நாயுருவியில் ஒட்டுவது முள், மூக்கிரட்டையில் ஒட்டுவது பிசின். இரண்டையும் விரலில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பிள்ளைகளுக்கே பிடிபடும். எண்ணி முடித்ததும் எடுத்த இடத்திலேயே உதறிவிடுங்கள்.

அதிக நேரம் எருக்கம்பூவுக்குக் கொடுங்கள். பூவை நீங்கள் பறித்து, வடியும் பாலைத் தாளில் ஒற்றி எடுத்துவிட்டு ஒரு அட்டையில் வையுங்கள். பூவின் நடுவே ஐந்து மடல்களோடு கிரீடம் போல ஒரு பகுதி நிற்கும், அதன் தலையில் ஐங்கோணமாக ஒரு தட்டையான மேடை. மேடையின் ஒவ்வொரு மூலையிலும் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு கரும்புள்ளி தெரியும். அதற்கு நேர் கீழே, இரண்டு மடல்களுக்கு நடுவில், செங்குத்தாக ஒரு மெல்லிய பிளவு இருக்கும். மெல்லிய தையல் ஊசியின் நுனியை அந்தப் பிளவின் அடியில் நுழைத்து மெதுவாக மேலே இழுங்கள். கரும்புள்ளி ஊசியில் மாட்டிக்கொண்டு வரும், அதன் இரு பக்கமும் மெழுகு போன்ற இரண்டு மஞ்சள் பைகள் தொங்கும். அந்தப் பூவின் மகரந்தம் முழுக்க இப்படிப் பத்துப் பைகளில்தான் இருக்கிறது. தூளாக உதிர்வதில்லை. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு தேன் குடிக்க வரும்போது அதன் கால் அந்தப் பிளவில் மாட்டி, பையை இழுத்துக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். ஊசி வராவிட்டால் பூ பழசாகியிருக்கும், அல்லது வண்டு முன்பே எடுத்துப் போயிருக்கும். அன்று விரிந்த பூவில் முயலுங்கள்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். அதனால் பறிப்பதும் ஊசி பிடிப்பதும் பெரியவர்களாக இருக்கட்டும். எல்லாரும் சோப்பு போட்டுக் கைகழுவிய பிறகே வகுப்புக்குத் திரும்ப வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வழியில் குன்றிமணி, ஊமத்தை, அரளி, செங்காந்தள் இருந்தால் காட்டி, ஏன் தின்னக்கூடாது என்று விளக்குங்கள். இன்னொன்று: 'இது இந்த நோய்க்கு மருந்து' என்று செடிக்குச் செடி சொல்லிக்கொண்டு போகாதீர்கள். கேட்ட பிள்ளை வீட்டுக்குப் போய் அரைத்துக் குடித்துப் பார்க்கும். அதைவிட, ஒரு செடியின் மதிப்பே அது நமக்கு ஆகும் மருந்தில்தான் இருக்கிறது என்ற எண்ணம் பதிந்துவிடும். அப்படிப் பதிந்தால் மருந்துக்கு ஆகாத செடியைப் பிள்ளைகள் திரும்பியே பார்க்க மாட்டார்கள்.

கைபேசிச் செயலியில் படம் பிடித்துப் பெயர் தேடுகிறேன். ஒரே செடிக்கு மூன்று பெயர் வருகிறது. ஊரில் கேட்டால் நான்காவது பெயர் சொல்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், திண்டுக்கல்

செயலி தவறுவது பெரும்பாலும் படத்தினால்தான். பூவை மட்டும் அருகில் பிடித்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு நல்ல தாவரவியலாளரும் தடுமாறுவார். ஒரு செடிக்கு ஏழு படம் எடுங்கள்: முழுச்செடி, இலையின் மேற்புறம், இலையின் அடிப்புறம், காம்பு தண்டோடு சேரும் கணு, பூவை நேராகவும் பக்கவாட்டிலும், காய். மரமென்றால் பட்டையும் வேண்டும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயமோ ஸ்கேலோ வையுங்கள். பலரும் விடுவது கணுவைத்தான். இலைகள் எதிரெதிரா மாற்றடுக்கா, காம்படியில் சிறு செதில் உண்டா, முள் எங்கிருந்து கிளம்புகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

வன்னியும் சீமைக்கருவேலமும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், சீமைக்கருவேலத்தை ஒழிக்கிறோம் என்று வன்னியையும் சேர்த்து வெட்டிவிடும் ஆபத்து உண்டு. வன்னியில் முட்கள் கணுவுக்குக் கணு இடைப்பட்ட பகுதியில், அடி அகன்று கூம்பு போல, அங்கங்கே சிதறியிருக்கும். சீமைக்கருவேலத்தில் இலை கிளம்பும் கணுவிலேயே முள் இருக்கும், பெரும்பாலும் இணையாக. வன்னியின் காய் ஒல்லியாகத் தொங்கும். மற்றதன் காய் தடித்து மஞ்சளாகும், ஆடுமாடு விரும்பித் தின்னும். அப்படித்தான் அது ஊர் ஊராகப் பரவியது.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்து, பூவை வில்லையை நோக்கி இரண்டு செ.மீ. அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடி போலக் கையை நீட்டிப் பிடித்தால் மங்கலாகத்தான் தெரியும்.

ஊர்ப் பெயரைத் தள்ளிவிடாதீர்கள், அதையும் சொன்னவரின் ஊரோடு எழுதி வையுங்கள். ஆனால் ஊர்ப் பெயரை மட்டும் வைத்து விதையோ நாற்றோ பரிமாறாதீர்கள். கொன்றை என்று கேட்டால் ஓர் ஊரில் சரக்கொன்றை தருவார்கள், இன்னோர் ஊரில் சாலையோரம் நடும் மஞ்சள்கொன்றை தருவார்கள். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்து, தரை மூடுவதற்காகப் பூங்காக்களில் வளர்க்கும் அமெரிக்கக் கொடியை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. இரண்டும் ஒரே பேரினம், பூவும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் அமெரிக்கக் கொடியின் இலை மூன்று மடலாகப் பிளந்திருக்கும், விட்ட இடத்தில் எல்லாம் பரவும். சங்கப் பாட்டுகளில் வரும் பூக்களைத் தேடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. குறிஞ்சிப்பாட்டு சொல்லும் 99 பூக்களில் பலவற்றுக்கு அறிஞர்களிடையே ஒருமித்த அடையாளம் இல்லை. 'இதுதான் அந்தப் பூ' என்று பலகையில் எழுதிவிடாமல் 'இதுவாக இருக்கலாம்' என்று சொல்லுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் உலர்த்திய மாதிரியோடு ஒப்பிடுவதுதான் வழி. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல மையத்திலும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் உலர்தாவரகத்திலும், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலும் தொகுப்புகள் இருக்கின்றன. போகுமுன் கடிதம் எழுதி அனுமதி பெறுங்கள்.

மகள் திருமணம் வைகாசியில். தாம்பூலப் பையில் நாட்டு மரக்கன்று தரலாமா, விதை தரலாமா? ஐந்நூறு பேர் வருவார்கள்.
– வாசகி, மதுரை

வைகாசியில் கன்று வேண்டாம். கத்திரி வெயில் அடங்காத நேரத்தில் பேருந்திலும் காரின் பின்பெட்டியிலும் போகும் கன்று, வீடு சேருவதற்குள் வாடிவிடும். பிழைத்ததும் தண்ணீர் இல்லாமல் நிற்கும். விதை கொடுங்கள். ஆனால் எல்லா விதையும் உறையில் தாங்காது.

வேம்பு, இலுப்பை, நாவல் இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். இவற்றின் விதை பழம் விழுந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் மண்ணுக்குப் போகவேண்டும். காயவைத்தால் உள்ளே முளை செத்துவிடும், வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். மாதக்கணக்கில் உறையில் வைத்த வேப்பம்விதை முளைக்கவில்லை என்றால் வாங்கியவர் தன் கைராசி சரியில்லை என்று நினைத்து அதோடு விட்டுவிடுவார். அந்த ஒருவரை நாம் இழந்தோம்.

உங்கள் தேவைக்கு ஆவாரையும் சரக்கொன்றையும் பொருத்தம். இரண்டும் ஓடு கெட்டியான விதை, ஆண்டுக்கணக்கில் தாங்கும். தை, மாசியில் சரக்கொன்றைக் காய் கறுத்துத் தொங்கும்போது சேகரியுங்கள். ஒரு நீளமான காயில் நாற்பதுக்குக் குறையாமல் விதை இருக்கும். ஆளுக்குப் பத்து விதை என்றால் ஐயாயிரம் விதை, சேதாரத்தையும் சேர்த்து நூற்றைம்பது காய் எடுங்கள். ஒரே மரத்தில் எடுக்காதீர்கள், தள்ளித்தள்ளி நிற்கும் ஏழெட்டு மரங்களில் எடுங்கள். ஒரு மரத்தின் பிள்ளைகளாகவே ஐந்நூறு வீட்டில் வளர்ந்தால் ஒரு பூச்சியோ நோயோ வந்தால் எல்லாம் ஒன்றுபோல விழும். காயை உடைத்து, கறுப்புச் சதையைத் தண்ணீரில் கழுவி விதையைப் பிரியுங்கள். சதை பேதிக்குக் கொடுப்பது, பிள்ளைகள் நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மிதப்பதையும் சிறு வட்டத் துளை உள்ளதையும் எடுத்துவிடுங்கள், உள்ளே வண்டு தின்றிருக்கும். நிழலில் ஒரு வாரம் காய்ந்தபின், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத வண்டுப் புழுக்கள் சாகும். காய்ந்த விதைக்குக் குளிரால் சேதமில்லை. டப்பாவை வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால்தான் விதையில் ஈரம் படியாது.

உறை தாளில் இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் மிச்ச ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். உறையின் முன்பக்கம் மணமக்கள் பெயர் இருக்கும். பின்பக்கம் இவ்வளவும் எழுதுங்கள்: செடியின் பெயர், எந்த ஊர் மரம், எந்த மாதம் எடுத்தது, எவ்வளவு உயரம் வளரும், எப்போது எப்படி விதைப்பது. செய்முறை இதுதான். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கொதி அடங்கியதும் விதையின் மேல் ஊற்றி இரவு முழுக்க விடவேண்டும். அடுப்பில் வைத்து வேகவைக்கக்கூடாது. காலையில் உப்பியதை எடுத்து அன்றே ஊன்றவேண்டும். உப்பாததை உப்புத்தாளில், விதைக்கண் இருக்கும் நுனியைத் தவிர்த்துப் பக்கவாட்டில், ஓட்டின் நிறம் மாறும்வரை தேய்த்து மறுபடி ஊறவைக்கவேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு. ஒரு செ.மீ. ஆழம். அதற்கு மேல் புதைத்தால் அழுகும்.

ஆவாரைக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஓரிரவு போதும். தரையில் இடம் இல்லாதவருக்கு ஆவாரையே நல்லது, தொட்டியிலும் பூக்கும். சரக்கொன்றையைப் பையில் வளர்த்தால் ஐப்பசி மழையில் நடவேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் பையிலேயே வைத்தால் வேர் அடியில் சுருண்டு, நட்ட மரம் பின்னால் காற்றில் சாயும்.

இளைஞர் மன்றத்தில் பத்தாயிரம் விதைப்பந்து செய்து மலையடிவாரத்தில் எறியலாம் என்றிருக்கிறோம். பனை விதையும் நடுகிறோம். யோசனை சொல்லுங்கள்.
– வாசகர்கள், சேலம் மாவட்டம்

பந்து பிடிப்பதில் நான்கு பேர் சேர்ந்து உட்காருவது நல்லது, அதைக் குறைசொல்லவில்லை. எறிவதில்தான் குறை. எறிந்த பந்து பாறையில் கிடந்து காயும், எறும்பு கொண்டுபோகும், முளைத்ததை ஆடு மேயும். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எறியக்கூடாது. அனுமதி கிடைத்தாலும், புல்வெளியாகவே இருக்கவேண்டிய இடத்தில் மர விதையைப் போடுவது அங்குள்ள புல்லுக்கும் பறவைக்கும் கெடுதல். பத்தாயிரத்துக்குப் பதிலாக இருநூறு செய்யுங்கள். ஊர்ப் பொதுநிலத்தில் வேலி போட்ட கால் ஏக்கரில், முதல் மழை பெய்து மண் நனைந்த மறுநாள், பாதிப் பந்து மண்ணில் புதையும்படி அழுத்தி வையுங்கள். களிமண் மூன்று பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, பந்துக்கு இரண்டு விதை. ஆவாரை, வன்னி, உசில் சரிவரும். வேம்பும் இலுப்பையும் பந்துக்குள் காய்ந்தே செத்துவிடும்.

பனை வேறு கணக்கு. அதைப் பையில் வளர்க்க முயலாதீர்கள். முளை முதலில் மேலே வராது, கீழே இறங்கும். நாம் தின்னும் பனங்கிழங்கு அதுதான். ஒரு முழம் ஆழம் வரை போய்த்தான் அங்கிருந்து முதல் இலை மேலே கிளம்பும், மண்ணுக்கு வெளியே தெரியப் பல மாதம் ஆகும். ஆகவே பழம் விழும் ஆவணி, புரட்டாசியில் கொட்டையை நேரே நிலத்தில், ஒரு சாண் குழியில் படுக்கவைத்து மூடுங்கள். பத்தடி இடைவெளி. ஏரிக்கரை என்றால் கரையின் வெளிச்சரிவில் வையுங்கள். உட்சரிவில் வைத்தால் அடுத்த தூர்வாரலில் பொக்லைன் வாரிக்கொண்டு போகும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு கல் நட்டு வைத்தால் கிழங்குக்காகத் தோண்டுபவருக்கும் அது விதைத்த இடம் என்று தெரியும், அடுத்த வருடம் நீங்கள் எண்ணிப் பார்க்கவும் முடியும். எத்தனை நட்டோம் என்ற எண்ணைவிட மூன்றாம் வருடம் எத்தனை நிற்கிறது என்ற எண்ணையே ஊர்ப் பலகையில் எழுதுங்கள்.

தாவரவியல் இளநிலை மாணவன். செடி உலர்த்தினால் இலை கறுத்து, பூஞ்சை பிடித்துவிடுகிறது. தங்கைக்கும் கற்றுத்தர ஆசை, ஆனால் எனக்கே சரியாக வரவில்லை.
– மாணவர், திருநெல்வேலி

இலை கறுப்பது மெதுவாக உலர்வதால். முதல் நாள் ஈரத்தை எவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறீர்களோ அவ்வளவு நிறம் நிற்கும்.

காலை பத்து மணிக்கு மேல், பனி காய்ந்தபின் சேகரியுங்கள். பூவோ காயோ இல்லாத கிளை பயன்படாது. சிறு செடியானால் வேரோடு, மரமானால் ஒரு முழக் கிளை. உலர்ந்தபின் ஒட்டப்போகும் 28க்கு 42 செ.மீ. தாளில் அடங்கவேண்டும், நீண்டால் ஆங்கில 'இசட்' எழுத்து போல மடியுங்கள். செய்தித்தாள் மடிப்புக்குள் விரித்து, குறைந்தது ஓர் இலையை அடிப்புறம் மேலே தெரியும்படி திருப்பி வையுங்கள். இதை விட்டுவிட்டால், பின்னால் அடிப்புறத்து மயிரையும் நரம்பையும் பார்க்க ஒட்டிய இலையைக் கிழிக்கவேண்டி வரும். மடிப்புக்கு மடிப்பு இடையில் வெறும் செய்தித்தாள் நான்கு, ஐந்து மடிப்புக்கு ஒருமுறை அட்டைப்பெட்டியின் நெளி அட்டை. நெளிவுகள் எல்லாம் ஒரே திசையில் இருந்தால் காற்று உள்ளே ஓடும். மேலும் கீழும் பலகை வைத்து, பெல்ட்டால் ஏறி நின்று இறுக்குங்கள்.

பன்னிரண்டு மணி நேரத்தில் முதல் தடவை தாள் மாற்றவேண்டும். மிக முக்கியமான மாற்றம் இது. அப்போது இலை வாடித் துணி போல இருக்கும், மடங்கியதை நிமிர்த்தலாம். மறுநாள் பார்த்தால் விறைத்திருக்கும், தொட்டால் ஒடியும். அதன்பின் மூன்று நாள் தினமும், பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள். எடுத்த ஈரத்தாளை வெயிலில் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியாவிட்டால் காய்ந்துவிட்டது. மழைக்காலத்தில் இறுக்கிய பலகைக் கட்டை நிமிர்த்தி, இரண்டடி தள்ளி ஒரு குண்டு பல்பு எரியவிட்டு, யாராவது அருகில் இருக்கும்போது மட்டும் உலர்த்துங்கள்.

பிரண்டை, சதுரக்கள்ளி போன்ற சதைப்பற்றுச் செடிகள் அழுத்தத்துக்குள்ளும் உயிரோடு இருந்து இலை உதிர்க்கும், சில முளைக்கவும் செய்யும். பூவைத் தவிர்த்து, தண்டைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, நீளவாக்கில் பிளந்து வையுங்கள். பழைய கையேடுகளில் சொல்லும் பாதரசக் குளோரைடு கரைசலைத் தொடாதீர்கள், கொடிய விஷம். ஒட்டிய தாளைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தாலே பூச்சி சாகும்.

சீட்டு எழுதாத மாதிரி வெறும் சருகுதான். தேதி, ஊர், இடம், உயரம், மண், பூவின் நிறம், வாசனை, பால் உண்டா இல்லையா, ஊர்ப் பெயர், சேகரித்தவர் பெயர், வரிசை எண். நிறமும் வாசனையும் உலர்ந்தால் போய்விடும், களத்திலேயே எழுதுங்கள். இருபது செடி கண்ணில் படும் இடத்தில் ஒன்றை எடுக்கலாம். அதற்குக் குறைவாக இருந்தால் படம் மட்டும். சரணாலயம், காப்புக்காடு எதிலும் அனுமதி இல்லாமல் பறிக்கக்கூடாது. தங்கைக்கு வீட்டுக் கறிவேப்பிலையிலிருந்து தொடங்குங்கள். ஒரே காம்பில் பல சிற்றிலை என்பதை, அது ஒரே இலை என்பதை, அதில் சொல்வது போல வேறெதிலும் எளிதாகச் சொல்ல முடியாது.

எங்கள் குடியிருப்பில் மாடித்தோட்டம் போட்டு வண்ணத்துப்பூச்சிக்காகச் செடி வைத்தேன். புழு வருகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா மருந்தடிக்கச் சொல்கிறார். நாட்டுச் செடி என்றால் எது என்பதிலும் தகராறு.
– வாசகி, சென்னை

புழு வந்தால் தோட்டம் வேலை செய்கிறது என்று பொருள். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கறிவேப்பிலையில் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கிடப்பது, சில நாளில் பச்சையாகி, சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து நிறக்கொம்பு நீட்டும். அது அழகிப் பட்டாம்பூச்சி. மயிர் இல்லாததால் தொட்டாலும் அரிக்காது. மயிர் அடர்ந்த கம்பளிப்புழு வேறு, அது அரிக்கும், அதைக் குச்சியால் அகற்றலாம். ஒரு புழுவைக் காற்றோட்டமான கண்ணாடி ஜாடியில், தினமும் புது இலையோடு அக்கா வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள். கூட்டுப்புழுவாகி இரண்டு வாரத்துக்குள் அவர் கண்முன்னே இறக்கை விரிக்கும். சமையலுக்கு ஒரு செடி, புழுவுக்கு ஒரு செடி என்று இரண்டாக வைத்துக்கொண்டால் சண்டையும் இல்லை.

ஆடுதின்னாப்பாளை இருந்தால் சிவப்பு உடல்கொண்ட ரோஜா அழகிகள் வரும், எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும். தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியான தமிழ் மறவனை எதிர்பார்த்து மாடியில் மரம் வைக்காதீர்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் பூச்சி, சென்னைக்கு வராது.

நாட்டுச் செடி எது என்ற தகராறுக்கு வருவோம். நித்தியகல்யாணி, குல்மொஹர் இரண்டும் மடகாஸ்கர். தூங்குமூஞ்சி தென்னமெரிக்கப் பக்கத்து மரம். புளியின் தாயகமே ஆப்பிரிக்கா. இதற்காக இருக்கும் மரத்தை யாரும் வெட்டவேண்டாம். வெளியிலிருந்து வந்து, வைத்த இடத்தில் நிற்பது ஒரு வகை. உண்ணிச்செடி, பார்த்தீனியம், ஆகாயத்தாமரை போல மற்றதை நெருக்கிப் பரவுவது வேறு வகை, அதைத்தான் களையவேண்டும். அதேபோல தமிழ்நாட்டுச் செடி என்பதால் எங்கும் பொருந்திவிடாது. நீலகிரிச் சோலை மரம் இராமநாதபுரத்துக்கு அயல்தான். புதிதாக வைப்பதை உங்கள் ஊரைச் சுற்றியுள்ள காட்டிலும் கோயில்காட்டிலும் பார்த்து வையுங்கள். சென்னைக்கு மகிழம், புன்னை, வெட்சி, நொச்சி, காசான் எல்லாம் சொந்தக்காரர்கள்.

எங்கள் தெரு மரங்களுக்குப் பெயர்ப் பலகை வைக்க ஆசை. ஆணி அடிக்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

வேண்டாம். ஆணித் துளை வழியாக நீரும் பூஞ்சையும் நுழையும், மரம் பருக்கப் பருக்கப் பலகையை விழுங்கிவிடும். கம்பியால் இறுக்கிக் கட்டுவது அதைவிட மோசம், பட்டைக்குள் புதைந்து மரத்தின் கழுத்தை நெரிக்கும். வேரைக் குத்தாதபடி மூன்றடி தள்ளி ஒரு முளை அடித்து அதில் வையுங்கள். தெருவில் அதற்கு இடமில்லையென்றால் பருத்திக் கயிற்றில் இரண்டு விரல் நுழையும் தளர்வோடு கட்டி, தையில் ஒருமுறை அவிழ்த்துக் கட்டுங்கள். தமிழ்ப் பெயரைப் பெரிதாகவும் அறிவியல் பெயரைச் சிறிதாகவும் எழுதி, மூன்றாவது வரியில் அந்த மரத்தில் இப்போது போய்ப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். 'மகிழம்பூ விடிகாலையில் தரையில் கிடக்கும், காய்ந்தாலும் மணக்கும்' என்று எழுதியிருந்தால் போகிறவர் குனிவார்.

குறிஞ்சி விதை எங்கே கிடைக்கும்? சென்னையில் பிள்ளைகளுக்கு வளர்த்துக் காட்ட வேண்டும்.
– வாசகி, தாம்பரம்

வளராது. நீலக்குறிஞ்சி 1300 மீட்டருக்கு மேல் மலைப்புல்வெளியில் வளரும் புதர். பன்னிரண்டு ஆண்டில் ஒருமுறை பூத்து, விதைத்து, இறந்துவிடும். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030. அங்கே விதை பொறுக்குவதும் கூடாது.

அதே குடும்பத்தில் நம் ஊர்ச் செடி ஒன்று இருக்கிறது: கனகாம்பரம். குறிஞ்சியைப் போலவே அதன் காயும் வெடித்து விதையை வீசும். பிள்ளைகள் தண்ணீரில் போட்டு விளையாடும் பட்டாசுக்காய் அமெரிக்காவிலிருந்து வந்தது, அதற்கு முன்பே இந்த வித்தை இங்கே இருந்தது. பூக்கடையில் கிடைக்கும் டெல்லி கனகாம்பரத்தில் விதை பிடிக்காது, அதைத் தண்டு வெட்டித்தான் வளர்ப்பார்கள். பழைய வீடுகளில் இருக்கும் விதைக் கனகாம்பரம் வேண்டும். பூ முடிந்து பழுப்பாகக் காய்ந்த கதிரை ஒரு தட்டில் வைத்து, சில சொட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு, பிள்ளைகளை ஓரடி தள்ளி உட்காரச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் பட்டென்று சத்தம் கேட்கும். விதை எங்கே விழுந்தது என்று அவர்களே தேடி எடுக்கட்டும். எடுத்ததை அன்றே ஒரு தொட்டியில் ஊன்றுங்கள்.